பீமில் ரிங், பால்கனியில் கம்பி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பீமின் நடுப்பகுதியில் ரிங்குகளை (மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களை) கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கட்டலாமா?

கட்டலாம், டிராயிங்கில் உள்ள அளவுக்கு மட்டும். சீரான பாரத்தில் ஷியர், அதாவது பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை, இரு முனைகளிலும் உச்சம், நடுவில் பூஜ்யம். அதனால்தான் ரிங் இடைவெளி பில்லர் ஓரம் 4 அங்குலம், நடுவில் 6 என்று வருகிறது. கான்கிரீட் போடும் முன் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

10 அடி ஹாலை 14 அடியாக்கிவிட்டோம். அதே பீம் தாங்குமா?

தாங்காது. ஷியர் 1.4 மடங்குதான் கூடும், ஆனால் பெண்டிங் மொமென்ட், அதாவது பீமை வளைக்கப் பார்க்கும் விளைவு, நீளத்தின் வர்க்கத்தில் ஏறும், கிட்டத்தட்ட இரட்டிப்பு. தொய்வோ நாலு மடங்கு. ஆக்கிய பிறகு கேட்கிறீர்களே!

பீமில் விரிசல் விட்டிருக்கிறது. ஆபத்தா?

எங்கே, எந்தத் திசையில், எவ்வளவு அகலம்? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? நடுவில், அடிப்பக்கம், நெட்டாக மயிரிழை என்றால் பெரும்பாலும் வளைவால் வந்தது, கவனித்து வாருங்கள். பில்லர் பக்கம் சுமார் 45 டிகிரி சாய்ந்து ஓடினால் அது ஷியர். இன்றே முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஷியரில் உடையும் பீம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு உடையாது.

பால்கனி 4 அடி நீள்கிறது. மெயின் கம்பி அடியில்தான் வரணும் என்கிறார் கம்பி கட்டுபவர். சரியா?

தப்பு, பெரிய தப்பு. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. நுனி கீழே தொங்கப் பார்க்கும்போது மேல்பக்கம்தான் இழுபடும். இழுவையில் கான்கிரீட்டின் பலம், அழுத்தத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். எனவே மெயின் கம்பி மேலே. இருபுறமும் சும்மா தாங்கி நிற்கும் அதே நீள பீமை விட இங்கே மொமென்ட் நாலு மடங்கு, அதுவும் சுவர் ஓரத்தில்.

மேலே கட்டினால் மட்டும் போதாது. ஒரு வேலையில் காலையில் சரிபார்த்துவிட்டு வந்தேன். மதியம் போனால், சட்டி தூக்கியவர்கள் மிதித்து மிதித்து, 5 அங்குல சிலாபில் மேல்கம்பி 2 அங்குலம் இறங்கிக் கிடந்தது. பாதி வலு அங்கேயே போச்சு. நிறுத்தி, கம்பியைத் தூக்கிக் கட்ட வைத்த பிறகுதான் அடுத்த சட்டி. 2 அடிக்கு ஒரு சேர் (மேல்கம்பியைத் தாங்கும் கம்பிக் கால்) வையுங்கள், நடக்கப் பலகை போடுங்கள். கம்பி உள் சிலாபுக்குள் நீட்டலைப் போல் ஒன்றரை மடங்காவது போகட்டும். முட்டுகளை நுனியிலிருந்து சுவரை நோக்கிக் கழற்றுங்கள். கான்கிரீட் போடும் முன் நீங்களே பாருங்கள், போடும்போதும் நில்லுங்கள்.

பில்லரை ஒட்டி பீமில் 4 அங்குலப் பைப்புக்கு ஓட்டை போடலாமா?

கூடாது. பைப்பைச் சுற்றிக் கொண்டுபோங்கள்.