போல்ட்டில் ஒரு நம்பர், பாடியில் வேறு நம்பர்: அட்வான்ஸ் கொடுத்த ரைபிளை வாங்கலாமா?

கேள்வி: பண்ருட்டி அருகே முந்திரித் தோப்பு வைத்திருக்கிறேன். ரைபிள் லைசென்ஸ் இருக்கிறது. புதுச்சேரியில் ஒருவரிடம் .315 ஸ்போர்ட்டிங் ரைபிளை 90,000 ரூபாய்க்குப் பேசி, 20,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். “எல்லாம் ஃபேக்டரியில் போட்டதுதான், எதையும் மாற்றவில்லை” என்று வாட்ஸ்அப்பில் சொன்னார். நேரில் பார்த்தால் போல்ட் நம்பரும் பாடி நம்பரும் வேறு வேறு. பேரலின் கறுப்பும் சந்தேகமாக இருக்கிறது. வாங்கலாமா? பணம் திரும்புமா?

பதில்: மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள், துப்பாக்கியையும் கையில் வாங்காதீர்கள். போல்ட் (தோட்டாவைப் பேரலுக்குள் தள்ளிப் பூட்டும் நகரும் பாகம்) மாறியிருப்பது வேறு, நம்பர் அழிந்திருப்பது வேறு. முன்னது விலைத் தகராறு. பின்னது கிரிமினல் வழக்கு.

ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 8 துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பதையும் மாற்றுவதையும் தடைசெய்கிறது. எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி யார் வசம் இருக்கிறதோ, அவரே அழித்தார் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர்தான். “இப்படியேதான் வாங்கினேன்” என்பதை ஆதாரத்தோடு காட்ட வேண்டியிருக்கும்.

மறுபடி பார்க்கப் போகும்போது, விற்பவரின் லைசென்ஸ் புத்தகத்தையும் அவர் வாங்கியபோது கிடைத்த ரசீதையும் முதலில் கேளுங்கள். மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, சேம்பர் (பேரலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) காலி என்று அவரே காட்டட்டும். பிறகு ரிசீவரில் (நீங்கள் பாடி என்று சொன்ன பாகம்), பேரலில், போல்ட் கைப்பிடியின் அடியில் உள்ள எண்களை லைசென்ஸில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சாய்வான டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஃபேக்டரியில் அடித்த எழுத்து ஒரே ஆழத்தில், விளிம்பு கூர்மையாக இருக்கும். அரம் போட்டு மறுபடி அடித்திருந்தால் அந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்து பளபளக்கும், எழுத்துகளும் ஒரே வரிசையில் நிற்காது. சும்மா பாலிஷ் போட்டுக் கறுப்பேற்றியிருந்தால் எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். அது குற்றமல்ல, விலையைக் குறைக்கும் சங்கதி. திருகாணித் தலைகளின் வெட்டு சிதைந்திருந்தால் துப்பாக்கியின் மரக்கட்டை கழற்றப்பட்டிருக்கிறது. உள்ளே பேரலின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரே திறக்கட்டும்.

போல்ட் மட்டும் மாறியிருந்தாலும் அலட்சியம் கூடாது. வேறு துப்பாக்கியின் போல்ட் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் தோட்டாவுக்கும் போல்ட் முகப்புக்கும் உள்ள இடைவெளி கூடிவிட்டால் சுடும்போது தோட்டா உறை கிழிந்து வாயு பின்னால் பீறிடலாம். கடைக்காரரிடம் அந்த இடைவெளியை அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே பேரல் .315தானா என்பதும் உறுதியாகட்டும். .315 மாடல் பழைய லீ-என்ஃபீல்ட் அமைப்பில் வந்தது என்பதால் ராணுவ .303 பேரலை மாட்டும் சபலம் சிலருக்கு வரும். உங்களுடையதுபோன்ற சாதாரண லைசென்ஸில் அதை வைத்திருக்க முடியாது. தனிப் பேரலோ போல்ட்டோ வாங்குவதற்கும் லைசென்ஸ் வேண்டும். உதிரிபாகமும் சட்டப்படி துப்பாக்கிதான்.

இதற்கெல்லாம் நேரமிருக்கிறது. பிரிவு 5(2)-ன்படி விற்பவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடமோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உங்கள் பெயர், முகவரியோடு எழுத்துமூலம் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே துப்பாக்கி கைமாற முடியும். அந்த மனுவின் ஒப்புகை நகல் உங்களிடம் இல்லையென்றால் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. உங்கள் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் புதுச்சேரி எல்லைக்குள் துப்பாக்கி உங்கள் கையில் இருக்கக்கூடாது. முள்ளோடை செக்போஸ்டில் காரை நிறுத்திக் கேட்டால் வாட்ஸ்அப் செய்தி உதவாது. இரு பக்க அலுவலகங்களிலும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

அட்வான்ஸ் விஷயம். “எதையும் மாற்றவில்லை” என்ற வார்த்தைதான் உங்கள் பலம். சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 15-ன்படி விவரித்ததற்கு மாறான பொருளை ஏற்க வேண்டியதில்லை. பொய்யான தகவலை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19-ன்படி ரத்து செய்யலாம். ஆனால் நம்பர் மாறியிருப்பதை இப்போது கண்ணால் பார்த்துவிட்டீர்கள். இனியும் மீதிப் பணம் கட்டினால், தெரிந்தே வாங்கினார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். பார்த்த தேதி, இரண்டு எண்கள், ஜிபே பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஒப்பந்தத்தை ரத்து செய்வதாகவும் 15 நாளில் 20,000 ரூபாயைத் திருப்பித் தரவும் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சிவில் வழக்கு. அதற்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு. அவர் தனிநபர், வியாபாரி அல்ல என்பதால் நுகர்வோர் ஆணையம் இங்கே பொருந்தாது. வெறும் போல்ட் வித்தியாசத்தை வைத்து மோசடிப் புகார் கொடுப்பதும் வீண் அலைச்சல், ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டியாக வேண்டும்.

ரிசீவர் எண் அரம் போடப்பட்டிருந்தால் மட்டும் பணத்தைப் பிறகு பாருங்கள். அதைப் பற்றிக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் தகவல் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.