வீட்டு மானியம்: பழைய வீடு வாங்கும் முன்

கேள்வி: நானும் கணவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள், இருவருக்கும் வயது 30. இதுவரை சொந்த வீடு வாங்கியதில்லை. கணவரின் மாதச் சம்பளம் 2,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). குழந்தை பிறந்த பிறகு, இரண்டு ஆண்டுகளாக நான் வேலைக்குச் செல்லவில்லை. என் பெற்றோர் வீட்டுக்கு அருகில், 55 ஆண்டுக் குத்தகை எஞ்சியுள்ள மூவறை மறுவிற்பனை வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறோம். கணவர் விரைவில் வேலை மாறவும் எண்ணுகிறார். எங்களுக்கு மானியம் கிடைக்குமா? வீட்டை விற்கும்போது அதை அரசாங்கத்திடம் திருப்பித் தரவேண்டும் என்கிறார்களே?
- வாசகி, ஈசூன்

பதில்: நீங்கள் வேலையில் இல்லாதது தடையன்று. மேம்படுத்தப்பட்ட மசேநிதி (மத்திய சேமநிதி, அதாவது ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பு) வீட்டு மானியத்திற்கு, விண்ணப்பிப்போரில் ஒருவராவது விண்ணப்பத்திற்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதும் வேலையில் இருக்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் அந்த ஒருவர் கணவர்தான் என்பதால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) தரும் வீட்டுத் தகுதிக் கடிதத்திற்கு விண்ணப்பிக்கும் முன் அவர் இப்போதைய வேலையை விட்டுவிட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். உதவி மிகவும் தேவைப்படும் குடும்பங்களில்தான் வேலைத் தொடர்ச்சி அடிக்கடி அறுந்துபோகிறது என்பது என்னை வருத்தும் உண்மை.

2024 ஆகஸ்ட் 20 முதல் இந்த மானியத்தின் உச்சவரம்பு குடும்பங்களுக்கு 120,000 வெள்ளி. குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 1,500 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கே அந்த முழுத் தொகை. வருமானம் கூடக்கூட அது படிப்படியாகக் குறைந்து, 9,000 வெள்ளிக்கு மேல் கிடைக்காமல் போகும். மறுவிற்பனை வீடு என்பதால் மசேநிதி வீட்டு மானியமாக 80,000 வெள்ளியும், பெற்றோர் வீடு நான்கு கிலோமீட்டருக்குள் இருந்தால் அருகாமை மானியமாக 20,000 வெள்ளியும் தனியே உண்டு.

குத்தகையைத்தான் நீங்கள் நன்கு யோசிக்க வேண்டும். வாங்குவோரில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை நீடித்தால்தான் மேம்படுத்தப்பட்ட மானியம் முழுமையாகக் கிடைக்கும். நீங்கள் பார்த்த வீட்டின் குத்தகை உங்கள் 85 வயதில் முடிந்துவிடுவதால் அந்தத் தொகை விகிதப்படி குறையும். வீட்டிற்குப் பயன்படுத்தக்கூடிய மசேநிதிப் பணத்திற்கும் வரம்பு வரும். விலை மலிவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் முடிவெடுக்காமல், 65 ஆண்டுகளாவது எஞ்சியுள்ள வீடு ஒன்றின் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

மானியம் ரொக்கமாகக் கைக்கு வராது. உங்கள் மசேநிதி சாதாரணக் கணக்கில் சேர்ந்து வீட்டு விலைக்குச் செல்லும். விற்கும்போது மானியத் தொகை வட்டியுடன் உங்கள் சொந்த மசேநிதிக் கணக்கிற்கே திரும்புகிறது, அரசாங்கத்திற்கு அன்று. ஆனால், விற்பவர் வீவக மதிப்பிட்ட விலையைவிடக் கூடுதலாகக் கேட்டால், அந்த வித்தியாசத்தை மானியத்திலிருந்தோ மசேநிதியிலிருந்தோ கொடுக்க முடியாது. முழுவதும் ரொக்கமாகவே கட்ட வேண்டும். ஒரே சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு அது பெரும் சுமை என்பதால், தகுதிக் கடிதம் கைக்கு வந்து மானியத் தொகை உறுதியாகும்வரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.