கீழ்ப்பாக்கம் கல்லறையில் அம்மாவுக்கு இடம்: சித்தப்பா தடுக்க முடியுமா?

கேள்வி: கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் தாத்தா பணம் கட்டி வாங்கிய குடும்பக் கல்லறை இருக்கிறது. தாத்தாவுக்குப் பிறகு, 2009-ல் அப்பாவையும் அதில்தான் அடக்கம் செய்தோம். இப்போது படுத்த படுக்கையாக இருக்கும் அம்மா, தன்னையும் அங்கேயே வைக்கச் சொல்கிறார். அசல் ரசீதை வைத்திருக்கும் சித்தப்பா, "கல்லறை என்னுடையது, கையெழுத்துப் போட மாட்டேன்" என்கிறார். புதுக்குழிக்கும் இடமில்லையாம். ஊரில் எங்கள் தோட்டத்திலேயே அடக்கம் செய்யலாமா?

பதில்: அம்மாவின் ஆசையை நிறைவேற்றப் பாருங்கள். அதற்கு வழி இருக்கிறது.

ரசீது யார் வீட்டு பீரோவில் இருக்கிறதோ அவருக்கே கல்லறை சொந்தம் என்றாகிவிடாது. தாத்தா கட்டிய பணம் நிலத்துக்கான கிரயம் அல்ல. குடும்பத்தாரை அங்கே அடக்கம் செய்யும் உரிமைக்கானது. தோட்டத்தை நிர்வகிப்பது மெட்ராஸ் கல்லறைகள் வாரிய அறக்கட்டளை. தாத்தா உயில் எழுதவில்லை என்றால், அந்த உரிமை சித்தப்பாவுக்கு மட்டும் போகாது. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ன்படி அப்பாவின் பங்கு அம்மாவுக்கும் உங்களுக்கும் வருகிறது என்பதே உங்கள் வாதம். அடக்கமாகி 14 ஆண்டு ஆகாமல் குழியைத் திறக்கக் கூடாது என்ற பழைய விதியை வைத்துப் பார்த்தாலும், 2023-லேயே அந்தக் காலம் முடிந்துவிட்டது.

மரணம் நேர்ந்த வீடு கோர்ட் வாய்தாவுக்குக் காத்திருக்க முடியாது. மனசு கனத்தாலும் இந்த வேலையை இப்போதே முடியுங்கள். கல்லறை எண், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கல்லில் பெயர்கள் தெளிவாகத் தெரியும்படி ஒரு போட்டோ, இவற்றோடு வாரியத்துக்கு மனு எழுதி, அடக்கப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். அசல் ரசீதுக்குப் பதிலாக உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்பார்களா என்றும் எழுத்தில் கேட்டு, மனு பெற்றதற்கான சீல் வாங்கிவிடுங்கள். அம்மா தன் விருப்பத்தை எழுதி இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திடட்டும். அது சித்தப்பாவைக் கட்டுப்படுத்தாதுதான், ஆனாலும் வாரியத்தின் முன் எடை உண்டு. சித்தப்பாவிடம் முதலில் பங்குத்தந்தையை வைத்துப் பேசுங்கள். வக்கீல் நோட்டீஸெல்லாம் அப்புறம்.

ஊரில் உங்கள் சொந்தத் தோட்டத்தில் அடக்கம் வேண்டவே வேண்டாம். கிராமங்களில் உரிமம் பெற்ற, அல்லது பதிவு செய்யப்பட்ட இடுகாட்டில்தான் அடக்கம் செய்ய முடியும். 2023-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு இதைத் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் புகார் கொடுத்தாலும் உடலைத் தோண்டியெடுக்கும் நிலை வரலாம். அந்த வேதனை உங்களுக்கு வரக் கூடாது.

கீழ்ப்பாக்கம் கைகூடாவிட்டால், அதே வாரியத்தின் காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் என்ன வசதி இருக்கிறது என்று விசாரியுங்கள். நீங்கள் கத்தோலிக்கர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. 1963 முதல் திருச்சபை தகனத்தை அனுமதிக்கிறது. ஆனால் சாம்பலைத் தூவாமல் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும். அம்மாவுக்குச் சம்மதமென்றால், அப்பாவின் கல்லறையில் சாம்பல் பேழையை வைக்க அனுமதி உண்டா என்பதையும் அதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள்.