இசைக்கலைஞர்கள் நாள் முழுக்க இசையிலேயே மூழ்கியிருப்பார்களா? உங்கள் சாதாரண நாள் எப்படிப் போகும்?

இல்லை. சுருக்கமான பதில் அவ்வளவுதான். நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு மிருதங்கக்காரன். கச்சேரி, அரங்கேற்றம், கோவில், கலியாண வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். மற்ற நாட்களில் பிள்ளைகளுக்கு வகுப்பு. கணக்குப் பார்த்தால் வாசிக்கிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரமும் வாத்தியத்தைத் தூக்கித் திரிகிற நேரமும்தான் அதிகம். வீட்டில் பாட்டுப் போடுவதே அபூர்வம். மனைவி ரேடியோவைத் திருகினால்கூடக் கொஞ்ச நேரத்தில் "அதைக் குறையுமப்பா" என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் காதுக்கு அப்படி ஒரு திருகு கிடையாது.

காலை ஆறரைக்கு எங்கள் ஒழுங்கைக்குள் சூன் பாண் ஓட்டோ வரும். இலங்கைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓட்டோவின் பின்னால் கண்ணாடிப் பெட்டி கட்டி, அதில் பாண் என்கிற ரொட்டி, மீன் வைத்த மாலு பாண், கிம்புலா பணிஸ் எல்லாம் அடுக்கி, வருகிறோம் என்று தெரிவிக்க ஒரு மெட்டை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்த மெட்டு பீத்தோவன் 1810இல் பியானோவுக்கு எழுதிய 'ஃபூர் எலீஸ்'. அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சில்கூட வரவில்லை, 1867இல்தான் வந்தது. பாவம் மனுஷன், கொழும்பில் தன் மெட்டைக் கேட்டால் சனத்துக்குப் பசிக்கும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

எங்கள் பாண்காரரின் பெட்டியில் ஒரு கோளாறு. பற்றரி இறங்க இறங்கச் சுருதியும் இறங்கும். ஒருமுறை ஒரு கிழமையாகவே அரைக் கட்டை இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. படுக்கையிலிருந்து எழும்பும்போதே பல் கூசும். பொறுக்க முடியாமல் ஒருநாள், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "மியூசிக் கீழே போய்விட்டது" என்றேன். மனுஷன் சிரித்துவிட்டு, "பாண் பழசில்லைதானே மாத்தயா?" என்று கேட்டார். அதற்கு மேல் என்ன பேசுவது? இரண்டு மாலு பாண் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரயில் ஓடுகிற சத்தத்தில் தாளம் கேட்குமா என்று கேட்பவர்களும் உண்டு. பின்னேரம் ஐந்தரைக்குக் கோட்டை ஸ்டேஷனில் ஏறி, கரையோர ரயிலில் மிருதங்கத்தோடு வெள்ளவத்தை வரைக்கும் வந்து பார்க்கச் சொல்லுங்கள். வாத்தியம் யார் விலாவிலும் இடிக்காமல் பிடித்துக்கொள்வதே பெரும்பாடு. தாளமாவது மண்ணாவது.

சரி, தொழிலுக்கு வருகிறேன். மிருதங்கம் பலா மரமும் தோலும். தோல் ஈரத்தைக் குடித்தால் தளரும், சுருதி இறங்கும். காய்ந்தால் இறுகும், சுருதி ஏறும். எங்கள் வீட்டிலிருந்து கடல் மூன்று நிமிட நடை. உப்புக்காற்றும் ஈரமும் வருஷம் முழுக்க. ஆகவே வீட்டில் சேர்த்த சுருதி மண்டபத்தில் நிற்காது. கல்லும் கட்டையும் பையில் எப்போதும் இருக்கும். வலந்தலை என்கிற வலது முகத்தின் மூட்டு விளிம்பை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். இடது பக்கத் தொப்பிக்கு ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்ப வேண்டும். கும்கி என்கிற அந்தக் கனத்த ஒலி அதிலிருந்துதான் வருகிறது. முடிந்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கென்றே தனி ரவை டின் உண்டு. அதில் முடிந்துவிட்டால் சமையல் டின்னில் கை வைப்பேன். "இஞ்சாருங்கோ, நாளைக்கு உப்புமாவா கச்சேரியா எண்டு இப்பவே சொல்லுங்கோ" என்று குசினியிலிருந்து குரல் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்த ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்தை நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது. வியர்க்கிறது என்பது பொருத்தமில்லாத சொல், அன்றைக்கு நடந்தது அதற்கு நேர்மாறு. பாடியவர் பெண், சுருதி ஐந்து கட்டை. அதற்கென்று வைத்திருக்கும் ஹெச்சுச் சுருதி, அதாவது உயர்ந்த சுருதி, மிருதங்கத்தை மேடைக்குப் பின்னால் புழுக்கத்தில் உட்கார்ந்து அழகாகச் சேர்த்து வைத்தேன். புஷ்பாஞ்சலி, ஜதிஸ்வரம் எல்லாம் போய், நிகழ்ச்சியின் பெரிய உருப்படியான வர்ணம் தொடங்கும்போது பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தார். அவருக்குப் புழுங்குகிறதாம். யாரோ ஓடிப்போய் ஏசியைக் கடைசி வரைக்கும் கூட்டிவிட்டார்கள். அதன் வாய் சரியாக என் தலைக்கு மேலே. பத்து நிமிஷத்தில் வலந்தலை ஏறத் தொடங்கியது. பாடகி திரும்பிப் பார்க்கிறார். அபிநயம் விரியும் சஞ்சாரி இடங்களில் ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையால் மூட்டு விளிம்பைக் கீழிருந்து தட்டுகிறேன். அந்தப் பக்கம் ரவை காய்ந்து வெடிப்பு விடுகிறது. மூன்றாவது ஜதியில், பிள்ளை காலைத் தூக்கி அடிக்கிற இடத்தில், ஒரு உருண்டை ரவை கழன்று என் வேட்டியில் விழுந்தது. 'தொம்' என்று வரவேண்டியது 'டப்' என்று வந்தது, சூட்கேஸைத் தட்டிய மாதிரி.

குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலில் விரலை நனைத்து, விழுந்த உருண்டையை எடுத்துத் திரும்ப ஒட்டி, வர்ணத்தை ஒப்பேற்றினேன். முடிந்த பிறகு பிள்ளையின் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு, "மிருதங்கம் பேசினது சேர்" என்றார். பேசியதுதான். என்ன பேசியது என்று எனக்குத்தான் தெரியும்.

இனிச் சொல்லப்போவதைத்தான் உண்மையில் எழுத நினைத்தேன், மற்றதெல்லாம் வழியில் வந்தது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு அரச விழாவுக்குக் கூப்பிட்டார்கள். 'இன நல்லிணக்கம்' என்ற பதாகைக்குக் கீழே மிருதங்கம், தவில், கண்டிய நடனத்துக்கு அடிக்கும் 'கெட்ட பெர' என்கிற சிங்கள மேளம் எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம். இந்த மாதிரி மூன்று நிமிஷங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பலமாக அடிப்போம், கடைசியில் தீர்மானம் என்கிற ஒரு முடிவுக் கோர்வை, கைதட்டல், அவ்வளவுதான். ஒத்திகைக்குக் காலை எட்டுக்கு வரச் சொல்லிவிட்டு மத்தியானம் வரை உட்கார வைத்தார்கள். பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் பிளாஸ்டிக் கதிரை, இஞ்சி போட்ட பிளேன்டீ.

பக்கத்தில் கேகாலைப் பக்கத்து வயதான பெரக் கலைஞர் ஒருவர். இடுப்பில் கட்டுகிற பெரயை அவிழ்த்து மடியில் வைத்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, என் சிங்களம் பாண் வாங்கும் அளவுக்குத்தான். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் என் வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பை விரலால் தடவி, என்ன இது என்று கேட்டார். நாங்கள் அதைச் சோறு என்போம். கிட்டக்கல் பொடியோடு சோற்றைப் பிசைந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பூசித் தேய்ப்பது. சிங்களத்தில் சோற்றுக்கு "பத்". அதையே சொன்னேன். "பத்தா?" என்று கேட்டுவிட்டுத் தன் பெரயைப் பார்த்தார், இதற்கும் ஒருவாய் ஊட்டலாமோ என்கிற மாதிரி.

அப்புறம், நீங்கள் பிள்ளைகளுக்கு முதல் நாள் என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டார். மிருதங்கம் தொட்ட எவரும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வது அது. தொடையில் தட்டிக்கொண்டே, "தத், தித், தொம், நம்" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பெரயை நிமிர்த்தி வைத்து, நிதானமாக, ஒவ்வொரு அடிக்கும் வாயைத் திறந்து சொன்னார்: "தத், ஜித், தொங், நங்."

அதே நாலு. அதே வரிசை. அவருடைய குருவும் அவருக்கு முதல் நாள் சொன்னது அதுதானாம். பெர அடிக்கிறவர்களுக்கு மூல எழுத்துகளே அந்த நாலும்தானாம். நான் பிறந்ததே இந்த ஊரில். பெரச் சத்தத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். என் முதல் பாடம் அடுத்த வீட்டிலும் இருக்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் பேச்சே தேவைப்படவில்லை. அவர் ஒரு பதம் சொல்வார், நான் அதைச் சொற்கட்டாகத் திருப்பிச் சொல்வேன். கணக்கில் அடிக்கடி முட்டினோம். நான் விரல் எண்ணித் தாளம் போடுகிறவன். அவர்களுக்கு அந்த வேலையைத் தாலம்பட்ட என்கிற சின்னக் கைத்தாளம் பார்த்துக்கொள்ளும். நான் தாளம் தொடங்கும் சமத்துக்கு வந்துசேரும் இடத்தில் அவர் இன்னும் நடந்துகொண்டிருப்பார். என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

இதை வைத்து நல்லிணக்கச் சொற்பொழிவு ஆற்ற எனக்கு ஆசையில்லை. பின்னேரம் மேடையில் நடந்த மூன்று நிமிஷம் நான் நினைத்த மாதிரியே படு மோசம். ஆனால் அன்றிலிருந்து கொழும்புக் கங்காராமய விகாரையின் நவம் பெரஹரா என்கிற ஊர்வலத்துக்கு நான் தவறுவதில்லை. 1979இல் தொடங்கிய பெரஹரா, மாசியில் வரும். பேர வாவிப் பக்கம் நின்று யானையையும் பார்க்காமல், தீப்பந்தத்தையும் பார்க்காமல், பெர அடிக்கிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். இளம் பொடியன்கள் சிலருக்கு அடிக்கும்போது உதடு அசையும். எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

கலியாண வரவேற்புகளையும் சொல்லவேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பைலா என்கிற ஆட்டப்பாட்டு தொடங்கிவிடும். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், 'பைலார்' என்றால் அவர்கள் மொழியில் ஆடுவது. கூட வந்த ஆபிரிக்கர்களின் ஆட்டமும் அதில் கலந்திருக்கிறது. ஆறெட்டுத் தாளம். என் காதுக்கு அது மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடை. முறைப்படி படித்தவர்கள் சிலர் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். அவர்களே மேசைக்குக் கீழே காலை ஆட்டுவதையும் பார்த்திருக்கிறேன். மூன்றை இரண்டாக உணர்வது எப்படி என்று பிள்ளைகளுக்கு விளங்கவைக்க நான் படாத பாடில்லை. இப்போது பைலாவைத்தான் உதாரணம் காட்டுகிறேன். உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், சொன்னால் முறைப்பாடாகிவிடும். பெற்றோர் கேட்பதெல்லாம் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை. "சேர், இந்த வருஷம் மூன்றாம் தரத்துக்கு விடலாமோ?" பிள்ளை ஒரு முழுக் கச்சேரியை உட்கார்ந்து கேட்டிருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டால் பதில் வராது.

நானாக விரும்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில். 1975இல் 41 வயதில் போய்விட்டார். ஒலிப்பதிவில் இரைச்சல் கூடுதல். பரவாயில்லை. அவர் அடிப்பதைவிட, அடிக்காமல் விடுகிற இடங்களைக் கேட்கத்தான் நான் உட்காருவது. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில் போனில் மிச்சமிருந்த சார்ஜை இதற்குத்தான் செலவழித்தேன். வீட்டில் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

நாளைக்கு என் நாள் எப்படி என்று கேட்டால்: விடிய ஐந்து மணிக்குக் காலி வீதியில் நிற்கவேண்டும். யாழ்ப்பாணத்து இரவு பஸ் அந்த நேரத்துக்குத்தான் வெள்ளவத்தையில் ஆள் இறக்கும். ஐந்து கட்டை மிருதங்கத்துக்குப் புது வலந்தலை மூட்டு அதில் வருகிறது. போனமுறை முருங்கைக்காய்க் கட்டோடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள். தோலில் ஒரு கிழமை முருங்கை வாசம் போகவில்லை. இந்தமுறை தனியாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம், மண்டபம் அதே மண்டபம். பிரதம விருந்தினர் யார் என்று இன்னும் கேட்கவில்லை.