டான் கிஹோத்தேயில் பாதிரியார் எரிக்காமல் விட்ட 'திரான் லோ பிளாங்க்' அப்படி என்ன உசத்தி?

செர்வாந்தெஸ் எழுதிய ஸ்பானிய நாவல் 'டான் கிஹோத்தே', முதல் பாகத்தின் 6ஆம் அத்தியாயம். கிஹோத்தேயின் மூளையைக் குழப்பிய வீரசாகசக் கதைகளைப் பாதிரியாரும் நாவிதரும் ஒவ்வொன்றாக எடுத்து நெருப்புக்கு அனுப்புகிறார்கள். தப்பிய சிலவற்றில் 'திரான் லோ பிளாங்க்' நாவலும் ஒன்று. காரணத்தைப் பாதிரியாரே சொல்லிவிடுகிறார்: இதில் வரும் வீரர்கள் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், கட்டிலில் படுத்து உயில் எழுதிவிட்டுச் சாகிறார்கள்.

விஷயமே அதுதான். அந்தக் கால வீரசாகசக் கதை என்றாலே அரக்கன், மந்திரவாதி, ஒரே வெட்டில் ஆயிரம் தலை. ஸ்பெயினின் வலென்சியாக்காரரான ஜுவானோட் மார்த்தொரெல் தன் வலென்சிய மொழியில் (கத்தலானின் ஒரு வடிவம்) எழுதி, அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து 1490இல் அச்சேறிய இந்தக் கதையின் நாயகன், துருக்கியரிடமிருந்து கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) காக்கப் போகிற தளபதி. படை நடத்துவதில் புலி. ஆனால் இளவரசி கார்மெசினாவின் அறையிலிருந்து இரவில் நழுவும்போது கயிறு எட்டாமல் விழுந்து காலை முறித்துக்கொள்கிறான்! கடைசியில் சாவதும் போர்க்களத்தில் இல்லை, நோயில்.

நிஜ கான்ஸ்டான்டிநோபிள் 1453இலேயே வீழ்ந்துவிட்டது. மார்த்தொரெல் எழுத உட்கார்ந்தது அதற்குப் பிறகு. வரலாற்றில் தோற்றதைக் கதையில் ஜெயித்துக் காட்டியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பெரு நாட்டு எழுத்தாளர் மரியோ வர்காஸ் யோசா இதை நவீன நாவலின் முன்னோடி என்று கொண்டாடினார். படுக்கையறைக் குறும்புகளும் நிறைய உண்டு. பாதிரியார் அதையும் ரசித்திருப்பார் போல.