பாட வேண்டாம், பேசு

அன்புள்ள அண்ணா,

2019இல் 'ஜோக்கர்' வந்தபோது நான் பெங்களூரில் தனியாக அறை எடுத்துத் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். தியேட்டரில் மூன்று தடவை பார்த்தேன். நீங்கள் அந்தப் படத்தைப் பற்றி எழுதியதையும் அப்போதுதான் படித்தேன். இரண்டாம் பாகமான 'ஃபோலி அ டூ' படத்துக்கு 2024 காந்தி ஜெயந்தி லீவில் தம்பியோடு போனேன். முழுக்கப் பாட்டு. எங்கள் முன்வரிசையில் இருந்தவர்கள் இடைவேளைக்கு அப்புறம் திரும்பி வரவே இல்லை. கடைசியில் ஜோக்கராக மாறிய ஆர்தர் தன் காதலியிடம் 'பாட வேண்டாம், பேசு' என்று கெஞ்சும்போது தியேட்டரே கைதட்டியது, தம்பியும் தட்டினான். போன வாரம் வீட்டில் மறுபடி போட்டுப் பார்த்தேன், அப்போதும் ஒட்டவில்லை. பாட்டை எடுத்துவிட்டால் நல்ல படம்தானே அண்ணா? முதல் படத்தை நேசித்த எங்களை இயக்குநர் வேண்டுமென்றே அவமானப்படுத்திவிட்டார் என்றும் சொல்கிறார்கள். அது சரியா?

கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் அந்தக் கைதட்டல்தான் என்னை மிகவும் சங்கடப்படுத்தியது. அந்தப் படத்திலேயே அதிகமாக வலித்திருக்க வேண்டிய இடம் அது. அங்கே கைதட்டல் விழுகிறதென்றால் அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் ஏதோ பெரிதாகத் தப்பாகப் போயிருக்கிறது.

ஆனால் பாட்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் படத்தை நினைத்துப் பாருங்கள். ரயிலில் மூன்று பேரைச் சுட்டுவிட்டு ஆர்தர் ஓடிவந்து ஒரு அழுக்குப் பொதுக் கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொள்வான். மூச்சு வாங்கும். அப்புறம் ஒரு கால் மெதுவாக முன்னால் நகரும், ஏதோ அந்தக் காலுக்குத் தனியாக உயிர் வந்ததுபோல, பிறகு கை, பிறகு கழுத்து. ஒரு வார்த்தை இல்லை. இசையமைப்பாளர் ஹில்துர் குட்னதோத்திரின் செல்லோ மட்டும். அவர் திரைக்கதையைப் படித்துவிட்டு ஷூட்டிங்குக்கு முன்பே எழுதிய இசை அது. அதைப் படப்பிடிப்பில் ஓடவிட்டபோதுதான் ஆர்தராக நடித்த வாக்கீன் ஃபீனிக்ஸிடமிருந்து அந்த நடனம் வந்தது. கொலை செய்தவனுக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாக உடம்பு லேசாகிறது என்பதை வசனத்தில் சொல்லியிருந்தால் நாம் முகம் சுளித்திருப்போம். இரண்டு பேருக்கும் ஆஸ்கர் கிடைத்தது, எனக்கு அது இந்த ஒரு காட்சிக்காகவே கொடுத்ததாகத் தோன்றும். அதாவது ஆர்தருக்குள் முதலிலிருந்தே ஒரு இசை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் இரண்டாம் பாகம் பாட்டாலேயே கதை சொல்லும் மியூசிக்கல், ஆர்தரின் காதலி லீயாக லேடி காகா நடிக்கிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

தொடக்கத்தில் ஒரு பாட்டு அந்தச் சந்தோஷத்துக்கு நியாயம் செய்யவும் செய்தது. ஆர்க்கம் மனநலச் சிறையின் டிவி அறையில், மற்ற கைதிகளுக்கு நடுவே, ஆர்தர் வாய்க்குள் முனகிப் பாட ஆரம்பிக்கிறான். கரகரத்த, சுருதி சேராத குரல். தன்னை ஒருத்தி விரும்புகிறாள் என்பதை அவன் நம்பத் தொடங்கும் நேரம் அது. அங்கே பாட்டு இல்லாமல் வேறு எதுவும் வேலை செய்திருக்காது.

அதற்குப் பிறகு வரும் பாட்டுகளில் பெரும்பாலானவை அப்படியே நிற்கின்றன. பாட்டு தொடங்கும்போது ஆர்தர் மனதளவில் எங்கே இருந்தானோ முடியும்போதும் அங்கேயே இருக்கிறான். அவன் அவளைக் காதலிக்கிறான், தெரியும். அவளும் பாடுகிறாள், சரி. மேடை மாறுகிறது, உடை மாறுகிறது, நமக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. பாட்டோடு வளர்ந்த நமக்கே அங்கே பொறுமை போகிறதென்றால் கோளாறு பாட்டு என்ற வடிவத்தில் இல்லை.

இதே களத்தில் 2002இல் வந்த 'சிகாகோ'வைப் பாருங்கள். அங்கேயும் கொலை செய்தவள், சிறை, வழக்கு, பத்திரிகைக்காரர்கள், பாட்டெல்லாம் அவள் மனதுக்குள். ஒரு பாட்டில் வக்கீல் அவளை மடியில் உட்காரவைத்து, பேசும் பொம்மையை ஆட்டுவதுபோல ஆட்டி, அவள் வாயால் தன் பொய்யைச் சொல்லவைப்பான். சுற்றி நிற்கும் நிருபர்கள் நூல்பாவைகள். சில நிமிடம்தான், ஆனால் பாட்டு முடியும்போது அந்த வழக்கு எப்படி நடக்கப்போகிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். அதற்கு இரண்டு வருடம் முன்னால் வந்த 'டான்சர் இன் தி டார்க்'கில் கண்பார்வை போய்க்கொண்டிருக்கும் தொழிலாளி செல்மாவுக்குத் தொழிற்சாலை இயந்திரத்தின் சத்தமே தாளமாகும். கடைசியில் தூக்குக் கயிற்றுக்கு முன்னால் வாத்தியமே இல்லாமல் பாடுவாள், பாட்டு பாதியில் அறுந்துபோகும். பல வருடம் ஆகிவிட்டது, நான் இன்னும் அந்தக் காட்சியை இரண்டாம் முறை பார்க்கத் துணியவில்லை.

இயக்குநர் டாட் ஃபிலிப்ஸுக்கு அந்த அளவு நம்பிக்கை பாட்டின்மேல் இல்லை என்பதுதான் என் வருத்தம். வெனிஸ் திரைப்பட விழாவிலேயே இதை மியூசிக்கல் என்று சொல்லத் தயங்கினார்கள். டிரெய்லரிலும் பாட்டை அடக்கியே காட்டினார்கள். காகா மாதிரி ஒரு பாடகியைக் கூட்டிவந்து, படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடவைத்து, அந்தக் குரலைப் பாதி நேரம் கிசுகிசுப்பிலேயே வைத்திருக்கிறார்கள். நடனம் இன்னும் குறைவு. காலை நீட்டினாலே நம்மைக் கலங்கடித்த நடிகருக்கு ஆட இடமே இல்லை. சுமார் 20 கோடி டாலர் செலவு செய்த படம் உலகம் முழுவதும் கிட்டத்தட்ட அவ்வளவே வசூலித்தது, முதல் படம் 100 கோடியைத் தாண்டியது. அந்த நஷ்டம் அவர்கள் பாடு. எனக்கு வீணாய்ப்போன அந்த யோசனைதான் உறுத்துகிறது.

அவமானப்படுத்தினார் என்பதை நான் ஏற்கவில்லை. ஆர்தர் நீதிமன்றத்தில் 'ஜோக்கர் என்று யாரும் இல்லை, நான் மட்டும்தான்' என்று ஒத்துக்கொண்டதும் லீ எழுந்து போய்விடுகிறாளே, அவள் யார்? அவனைப் பற்றி எடுத்த டிவி படத்தைப் பார்த்து மயங்கி, தன் பணக்கார வீட்டை மறைத்துப் பொய் சொல்லி, தானாகவே ஆர்க்கமில் வந்து சேர்ந்தவள். அவளுக்கு வேண்டியது சாயம் பூசிய முகம். அந்த நோஞ்சான் மனிதன் அவளுக்குத் தேவையில்லை. 2019இல் தனி அறையில் இருந்துகொண்டு நீங்கள் நேசித்தது எதை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஆனால் நீங்கள் அப்போது எனக்கு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அதில் படிக்கட்டு நடனத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அவன் அம்மாவைக் குளிப்பாட்டியதைப் பற்றித்தான் எழுதியிருந்தீர்கள். இந்தப் படம் உங்களைத் திட்டவில்லை.

கேரியை ஞாபகம் இருக்கிறதா? முதல் படத்தில் ஆர்தர் ஒருவனைக் குத்திக் கொன்றுவிட்டு, குள்ளமான கேரியை மட்டும் போகச் சொல்வான். தாழ்ப்பாள் எட்டாமல் கொலைகாரனிடமே கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பான் கேரி. இரண்டாம் பாகத்தில் அதே கேரி சாட்சிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே ஆர்தர், முகத்தில் சாயத்தோடு, தானே தன் வக்கீலாக, ஏதோ போலி உச்சரிப்பில் கேள்வி கேட்டுக்கொண்டு. என்னைக் கேலி செய்யாத ஒரே ஆள் நீதான் என்று கேரி அழுதபடி சொல்லும்போது ஆர்தரின் அந்தப் போலிக் குரல் ஆட்டம் காண்கிறது பாருங்கள், 138 நிமிடப் படத்தின் உயிர் அங்கேதான். பாட்டு அந்த இடத்திலிருந்து பிறந்திருக்கலாம். படம் முழுக்க அவனும் லீயும் பாட்டில் மட்டுமே ஒருவரையொருவர் தொட்டிருந்தால், பாட்டு ஒன்றுதான் அவனுக்குக் கிடைத்த வீடு என்று நமக்கும் பழகியிருந்தால், கடைசியில் அதே படிக்கட்டில் அவன் 'பாட வேண்டாம், பேசு' என்று கெஞ்சும்போது தியேட்டரில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்டிருக்காது.

தம்பி கைதட்டியதில் தப்பே இல்லை. அவனுக்கும் அந்த நேரம் அதுதான் வேண்டியிருந்தது. முடிந்தால் கேரி வரும் அந்தக் காட்சியை மட்டும் ஒருநாள் அவனோடு உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள்.