நந்தன் பாட்டில் சேக்கிழார் எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க ஊர் நோம்பிக்கு நந்தனார் நாடகம் போடறோமுங்க. பாட்டெல்லாம் பெரியபுராணத்துச் சொற்கள், ஓர் எழுத்தும் மாற்றக்கூடாது என்கிறார் ஊர்ப் பெரியவர். இரண்டு மணி நேரத்தில் முடித்தாக வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பெரியவர் சொல்வது பாதி சரி. கதையின் வேர் பெரியபுராணம். பாட்டு கோபாலகிருஷ்ண பாரதியாருடையது. நடுவில் ஏழு நூற்றாண்டு கிடக்கிறது.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் ‘செம்மையே திருநாளைப்போவார்க்கும் அடியேன்’ என்று (திருநாளைப்போவார் என்பது நந்தனாரின் பெயர்) ஒரு தொடரோடு நிறுத்திக்கொண்டார். நம்பியாண்டார் நம்பி அதற்கு ஒரு செய்யுள் பாடினார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் 37 செய்யுளாக விரித்தார். பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறியது 1860களின் தொடக்கத்தில்.

சேக்கிழாரின் நந்தனுக்கு எசமானர் கிடையாது. ஊர் விட்ட மானியத் துடவையில் (விளைநிலத்தில்) உண்டு, கோயில் பேரிகைக்குப் போர்வைத் தோலும் அதை இழுத்துக் கட்டும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தவர் அவர். தில்லைக்குப் போகவிடாமல் அவரைத் தடுப்பது ‘உறுகுலத்தோடு இசைவில்லை’ (பிறந்த குலத்துக்குப் பொருந்தாது) என்று அவரே நினைத்துத் தயங்கும் தயக்கம். கண்முன் எதிராளி இல்லாமல் கதை நகராது என்று பாரதியார் வேதியரை எசமானராகப் படைத்தார். ஆகவே உத்தரவு கேட்டுக் கெஞ்சும் பாட்டு, வேதியர் அதட்டும் பாட்டு, ஒரே இரவில் வயல் விளையும் காட்சி எதற்கும் பெரியபுராணத்தில் மூலம் தேடாதீர்கள், கிடைக்காது. அதற்காக அவற்றை வெட்டிவிடவும் வேண்டாம். நாடகமே அங்கேதான் இருக்கிறது.

திருப்புன்கூர் நந்தி பாட்டு வேறு வகை. நேரே நின்று கும்பிட வேண்டும் என்று நந்தன் நினைத்ததும் இறைவன் ‘போரேற்றை விலங்க’ (நந்தி விலகும்படி) அருளியதாகச் சேக்கிழார் ஒரே செய்யுளில் முடிக்கிறார். அங்கே நந்தன் வாய் திறப்பதில்லை. மலை போல மாடு வழியை மறைக்கிறது என்ற முறையீடு பாரதியார் கொடுத்த வாய். நிகழ்ச்சி சேக்கிழாருடையது, சொல் பாரதியாருடையது.

சேக்கிழாரின் சொல்லையே மேடையில் கேட்க வேண்டுமா? ‘நாளைப் போவேன் என்று நாள்கள் செலத் தரியாது, பூளைப்பூவாம் பிறவிப் பிணிப்பு ஒழியப் போவாராய்’ என்ற அடிகளை, நந்தன் தில்லைக்குப் புறப்படும் இடத்தில் விருத்தமாகப் பாடவையுங்கள். தாளம் வேண்டாம், ஒன்றரை நிமிடம் போதும். காப்புக்கட்டு அன்று வேப்பிலை, ஆவாரம்பூவோடு பூளைப்பூவைச் செருகும் நம் பக்கத்தில் இந்த உவமைக்கு உரை தேவையில்லை. லேசாக ஊதினாலே பறந்துவிடும் பூ அது.

இனி வெட்டும் வேலை. பாரதியார் இதை நாடகமாக எழுதவில்லை. ஒருவரே எல்லாப் பாத்திரமாகவும் பாடும் கதாகாலட்சேபத்துக்கு எழுதினார்; நாடகக்காரர்கள் பின்னால் பிரித்துக்கொண்டார்கள். அதனால் சில பாட்டுகளில் நந்தனைப் படர்க்கையில் சொல்லும் வரிகள் வரும். அவற்றை நந்தன் வேடக்காரர் பாடினால் தன்னைப் பற்றித் தானே கதை சொல்வதுபோல் ஆகிவிடும். பின்பாட்டுக்காரரிடம் கொடுங்கள், அல்லது முதலில் அவற்றை எடுங்கள். கீர்த்தனைகளில் பல்லவி, அனுபல்லவி இரண்டையும் தொடக்கூடாது. மூன்று சரணம் இருந்தால் நடுச் சரணத்தை விடலாம். கடைசிச் சரணத்தில் ‘கோபாலகிருஷ்ணன்’ என்ற முத்திரை வந்தால் அது இருக்கட்டும். பாட்டு யாருடையது என்பதற்கு அதுதான் சாட்சி.

கொச்சை என்று நினைத்துச் சொற்களைத் திருத்துபவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே இந்தக் கீர்த்தனையின் இலக்கணப் பிழைகளைக் கண்டு சிறப்புப்பாயிரம் (நூலைப் பாராட்டும் முகப்புச் செய்யுள்) தரத் தயங்கியவர்தான்; பாரதியார் பாடக் கேட்ட பிறகு கொடுத்தார். ‘இருக்குதே’ என்பதை ‘இருக்கிறதே’ என்று நீட்டினால் ஓர் எழுத்து கூடும், தாளத்தில் அந்த இடம் இடறும். மாற்றாதீர்கள்.

கேள்வி: வள்ளி கும்மிப் பாட்டெல்லாம் வள்ளி திருமண நாடகத்திலிருந்து எடுத்ததா?
– ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: சில பாட்டுகள் அப்படி வந்திருக்கலாம். ஆனால் வள்ளி நாடகத்துக்கு வெகுகாலம் முந்தியவள். நற்றிணை 82ஆம் பாட்டிலேயே ‘முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல’ என்று வருகிறாள். வேடன், வேங்கை மரம், கிழவன் என்று முருகன் உருமாறுவதும் யானை வந்து மிரட்டுவதும் கச்சியப்பரின் கந்தபுராணத்தில், வள்ளியம்மை திருமணப் படலத்தில் இருக்கின்றன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மரபு நாடகமேடையில் பெரிதாக்கியது தினைப்புனத்துத் தர்க்கத்தை.

உங்கள் ஆசிரியர் பாடும் வரியைச் சீர் பிரித்துப் பாருங்கள். கும்மிக்கென்றே கட்டிய பாட்டில் அடிக்குப் பெரும்பாலும் ஏழு சீர் நிற்கும், அடிதோறும் எதுகை விழும். கேள்விக்குப் பதில் என்று ஒரே மெட்டில் இருவர் மாறிமாறிப் பேசி, அடி ஒரு சமயம் நீண்டும் ஒரு சமயம் குறுகியும் போனால் மேடையிலிருந்து இறங்கிவந்த பாட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கும்மியில் ஆடும்போது கைதட்டு பிந்துவது இதனால்தான். அடவை மாற்றிப் பயனில்லை. மிகும் சீரை ஆசிரியர் தனியாக இழுத்துப் பாட, ஆடுபவர்கள் அதை விட்டு அடுத்த அடியில் சேர்ந்துகொள்ளலாம்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த பழைய நாடகப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே வேறொரு பாட்டின் முதல் வரி அச்சாகியிருக்கிறது. அச்சுப் பிழையா?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: பிழையல்ல. அது வர்ணமெட்டு. ‘அந்தப் பாட்டின் மெட்டில் இதைப் பாடு’ என்று பொருள். மேலே உள்ள பாட்டுத்தான் முந்தியது, கீழே உள்ள சொற்கள் பிந்தியவை. மேலே சினிமாப் பாட்டு இருந்தால், கீழே உள்ள வரிகள் அந்தப் படத்துக்குப் பிறகு யாரோ சேர்த்தவை. அட்டையில் எந்தப் புலவர் பெயர் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இந்தக் கலையில் உங்கள் ஊருக்குத் தனிப் பங்கு உண்டு. உடுமலை முத்துச்சாமிக் கவிராயர் நாடகப் பாட்டில் பேர்போனவர். 1899இல் பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவி அவரிடம் பயின்றவர். நாடகத்துக்கு எழுதிப் பழகிய கையோடுதான் சினிமாவுக்குப் போனார். ஆகவே அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். துருப்பிடித்த கம்பித் தையலைப் பிரித்து எடுத்துவிட்டு, நிழலில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். வர்ணமெட்டு வரி பக்கத்தின் உச்சியில் இருக்கும். ஓரத்தை வெட்டிப் படம் எடுத்தால் முதலில் போவது அதுதான்.